தெருவில் ஒரு புத்தகப் பெட்டி: புதிதாக வைப்பவர்களுக்கு

பெட்டி நூலகம் வைக்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "புத்தகத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா?" தூக்கிக்கொண்டு போகட்டும் என்றுதானே வைக்கிறோம்! இங்கே பூட்டு கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, திருப்பித் தரவேண்டிய தேதி கிடையாது. வேண்டியதை எடுக்கலாம், முடிந்தால் இன்னொன்றை வைக்கலாம். எடுத்ததையே திருப்பி வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. இதற்கு மனம் ஒப்பாமல் பெட்டி வைத்தால் ஒரே மாதத்தில் ஜன்னலோரம் நின்று காவல் காக்க ஆரம்பித்துவிடுவீர்கள். என் அனுபவத்தில் பெட்டிகளைச் சாகடிப்பவை இரண்டு: உள்ளே இறங்கும் தண்ணீர், யாருமே தொடாத புத்தகம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியதுதான்.

கொஞ்சம் முன்கதை. 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹட்சன் என்ற சிற்றூரில், டாட் போல் என்பவர் பழைய கார் கொட்டகைக் கதவின் மரத்தைக் கொண்டு ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் போல ஒரு சின்னப் பெட்டி செய்து வீட்டு முன்னால் நட்டார். ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாகச் செய்தது அது. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையில் 2,509 நூலகங்கள் எழுந்தன. அந்த எண்ணைத் தாண்டுவதே டாட் போலுக்கும் அவருடைய கூட்டாளி ரிக் புரூக்ஸுக்கும் முதல் இலக்கு. 2012-லேயே தாண்டிவிட்டார்கள். அதே ஆண்டு அவர்களுடைய முயற்சி 'லிட்டில் ஃப்ரீ லைப்ரரி' (சின்ன இலவச நூலகம்) என்ற லாபநோக்கற்ற அமைப்பானது. இன்று அந்தப் பெயரில் பதிவான பெட்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் யோசனை அவர்களோடு பிறந்ததல்ல. 1991-இலேயே ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கிளெக், கட்மன் என்ற இரு கலைஞர்கள், காவலும் பதிவேடும் இல்லாத திறந்த நூலகத்தை ஒரு கலைப்படைப்பாக வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மன் பேசும் நகரங்களில் தெரு அலமாரிகள் இன்று சர்வசாதாரணம். பிரிட்டனில் பயன்படாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு உள்ளூர் மக்களிடம் ஒப்படைக்கும் திட்டம் 2008-இல் வந்தபோது, பல கூண்டுகள் நூலகமாயின. ஆக, வடிவம் எதுவாகவும் இருக்கலாம். இனி வேலையைப் பார்ப்போம்.

பெட்டிக்கு முன்னால் ஒரு சோதனை

தச்சரைக் கூப்பிடாதீர்கள், பலகை வாங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருபது புத்தகங்களைப் போட்டு, "எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்" என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் தினமும் மாலை இரண்டு மணிநேரம் வையுங்கள். இரண்டு வாரம் போதும். யார் நிற்கிறார்கள், எந்த வயதினர், எந்த மொழிப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் ஐந்து புத்தகம்கூட நகரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஆளில்லாத இடத்தில் எவ்வளவு அழகான பெட்டி வைத்தாலும் அது பறவைக் கூண்டுதான்.

நல்ல இடம் என்பது மக்கள் கடந்துபோகும் இடமல்ல, நிற்கும் இடம். பேருந்துக்குக் காத்திருக்கும் இடம், பள்ளி விடும் நேரத்தில் பெற்றோர் கூடும் வாசல், பூங்கா நுழைவாயில், அடுக்குமாடியின் லிஃப்ட் அருகே. இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்தால் நல்லது. வண்டிகள் திரும்பும் முனையில் பார்வையை மறைக்கும்படி வைக்காதீர்கள். நடைபாதையை அடைத்தும் வைக்காதீர்கள்.

யாரிடம் கேட்க வேண்டும்

உங்கள் சொந்த மதிலுக்குள், சொந்தச் சுவரில் என்றால் பெரும்பாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2014-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லீவுட் என்ற நகரில், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வீட்டு முன்முற்றத்தில் வைத்த பெட்டியை அகற்றச் சொல்லி நகர நிர்வாகம் கடிதம் அனுப்பியது. முன்முற்றத்தில் தனித்து நிற்கும் கட்டுமானம் கூடாது என்பது அங்கே விதி. பையன் நகர மன்றத்துக்கே போய்ப் பேசினான். மன்றம் தற்காலிக விலக்கு கொடுத்தது. அந்தக் கதை நன்றாக முடிந்தது. எல்லாக் கதையும் அப்படி முடியும் என்று நம்பி கான்கிரீட் போடாதீர்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குடியிருப்பு என்றால் சங்கத்திடம். நடைபாதை, பூங்கா, பேருந்து நிறுத்தம் என்றால் உள்ளாட்சி அலுவலகத்திடம், எழுத்தில். வாயால் "வைத்துக்கொள்ளுங்கள்" என்றவர் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். கடிதத்தில் பெட்டியின் அளவு, எப்படிப் பொருத்தப் போகிறீர்கள், பராமரிப்பவர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதுதான் அவர்களுக்கு முக்கியம். கைவிடப்பட்ட பெட்டியை யார் அகற்றுவது என்பதே அவர்கள் கவலை.

பெட்டி

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என் முதல் பெட்டி பொம்மை வீடு போல இருந்தது. தட்டைக் கூரை, நான்கு வண்ணப் பூச்சு, வருவோர் போவோரெல்லாம் படம் எடுத்தார்கள். முதல் மழையில் கூரையில் நின்ற தண்ணீர் கீல் வழியாக இறங்கி, மேல்தட்டில் இருந்த இருபது புத்தகங்களும் ஊதிப்போயின. அதற்குப் பிறகு கற்றவை இவை.

அளவு: உள் அகலம் 60 செ.மீ., கீழ்த்தட்டின் உயரம் 35 செ.மீ., மேல்தட்டின் உயரம் 25 செ.மீ. படக்கதைப் புத்தகங்கள் கீழே நிற்கும், நாவல்கள் மேலே நிற்கும். உள் ஆழம் 25 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். 30 வைத்தால் சாதாரணப் புத்தகங்களை இரண்டு வரிசையாக அடுக்கத் தோன்றும், அடுக்குவார்கள். பின்வரிசையில் இருப்பது கடைசிவரை பின்வரிசையிலேயே இருக்கும். இந்த அளவில் ஏறத்தாழ 60 புத்தகங்கள் கொள்ளும்.

பலகை: தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், 18 மி.மீ. பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். எனவே வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும் பிரைமர் இரண்டு முறை அடித்த பிறகே பொருத்துங்கள். ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள்.

கூரை: பின்பக்கமாகச் சரிய வேண்டும். முன்பக்கம் சரிந்தால் கதவைத் திறப்பவரின் கழுத்தில் தண்ணீர் விழும். முன்னால் 8 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ. வெளியே நீளட்டும். மேலே அலுமினியத் தகடு அல்லது துருப்பிடிக்காத தகரம் போர்த்துங்கள். கூரையின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே, ஒரு சிறு பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஊர்ந்து வரும் துளி அந்தக் கோட்டில் தடுக்கிச் சொட்டிவிடும். தச்சர் "இதெல்லாம் எதுக்கு?" என்பார். விடாதீர்கள்.

கதவு: கண்ணாடி உடையும், அக்ரிலிக் ஷீட் நல்லது, 4 அல்லது 5 மி.மீ. கனம். அக்ரிலிக் வெயிலில் விரியும், எனவே ஸ்க்ரூ துளையைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் ஓரிரு கோடையில் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். கதவு தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங் கீல் போடுங்கள். திறந்தே விட்டுப் போகும் ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு மழை போதும். உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. முழுக்க மரத்தாலான கதவைத் திறந்து பார்க்கப் பாதிப்பேருக்குக் கூச்சம் தடுக்கும். புத்தகத்தின் முதுகில் இருக்கும் தலைப்பு கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

காற்று: இறுக மூடிய பெட்டி மழையைத் தடுக்கும், உள்ளேயே வியர்க்கும். பக்கச் சுவர்களில் கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டிரண்டு துளைகள், வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி போட்டு, உள்ளிருந்து கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். அடிப்பலகைமேல் இரண்டு மரச் சட்டங்கள் வைத்தால் புத்தகம் தரையைத் தொடாது.

உள்ளே எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் இரண்டு வாரமாவது கதவைத் திறந்துபோட்டுக் காய விடுங்கள். அவசரப்பட்டால் அட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

புத்தகம் வைப்பதற்கு முன் கடைசித் தேர்வு: உள்ளே பழைய செய்தித்தாளைப் பரப்பி, தோட்டக் குழாயால் எல்லாப் பக்கமும் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். தாளில் எங்கே ஈரப்பொட்டு இருக்கிறதோ அங்கே சிலிகான் பூசுங்கள். மறுபடி அடியுங்கள்.

இவ்வளவு வேலை முடியாது என்றால் வெளியே வைக்கவே வேண்டாம். படிக்கட்டின் கீழ், காத்திருப்பு அறையில், கூரையுள்ள வாசலில் ஒரு சாதாரண அலமாரி போதும். பழுதான குளிர்பதனப் பெட்டியை நூலகமாக்குபவர்களும் உண்டு. மழைக்கு அதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. ஆனால் குழந்தை உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. பழைய தாழ்ப்பாள் அல்லது காந்தப் பட்டையைக் கழற்றி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி செய்து, தட்டுகளை அசையாமல் பொருத்திய பிறகே வையுங்கள்.

நிறுத்துவது

புத்தகத்தோடு பெட்டி 35 கிலோ வரை வரும். சுவரில் மாட்டினால் சுவருக்கேற்ற விரிபோல்ட் நான்கு வேண்டும். கம்பத்தில் என்றால் 10 செ.மீ. சதுரக் கம்பம், தரைக்குள் 60 செ.மீ., சுற்றிலும் கான்கிரீட். தரை உறையும் குளிர்ப் பிரதேசங்களில் இன்னும் ஆழம் வேண்டும். கரையான் உள்ள மண் என்றால் மரக்கம்பம் வேண்டாம், இரும்புதான். தோண்டும் முன் அடியில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று விசாரியுங்கள்.

பெட்டியின் அடித்தட்டு தரையிலிருந்து 70 செ.மீ. அளவில் இருந்தால் சிறுவர்களுக்குக் கை எட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேல்தட்டும் எட்டும். பெரியவர்களின் கண் உயரத்துக்கு வைக்கும் தவறைப் பலரும் செய்கிறார்கள். பெரியவர்கள் குனியட்டும். கதவு சாரல் அடிக்கும் திசையையும் மாலை வெயிலையும் பார்க்காமல் இருக்கட்டும். வெயிலில் அட்டை வெளுத்த புத்தகம் நல்லதாக இருந்தாலும் பழசாகத்தான் தெரியும்.

முதல் நாற்பது புத்தகங்கள்

அறுபது கொள்ளும் பெட்டியில் நாற்பதோடு தொடங்குங்கள். நிறைந்த பெட்டியில் யாரும் எதையும் வைக்க முடியாது. இன்னொரு நாற்பதை வீட்டில் கையிருப்பாக வைத்திருங்கள்.

அந்த முதல் நாற்பதும் நல்ல புத்தகங்களாக இருக்க வேண்டும். எடைக்குப் போட நினைத்ததையெல்லாம் கொண்டுவந்து நிரப்பினால், இது எடைக்குப் போடும் இடம் என்றே அக்கம்பக்கமும் புரிந்துகொள்ளும். அடுத்த வாரமே வாசலில் மூட்டை வந்து நிற்கும். நீங்கள் ஒரு நண்பருக்குக் கொடுக்கத் தயங்காத புத்தகமா என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சிறுவர் நூல்கள், கீழ்த்தட்டில். அவைதான் வேகமாகப் போகும். முதல் மாதத்திலேயே தட்டுப்பாடு வரும், அதற்குத் தனிக் கையிருப்பு வேண்டும். மெல்லிய புத்தகங்களுக்கு மவுசு அதிகம். நாலைந்து பாகங்கள் உள்ள நாவல் என்றால் எல்லாவற்றையும் நாடாவால் கட்டி ஒன்றாக வையுங்கள். தனியாகக் கிடக்கும் மூன்றாம் பாகத்தை யார் எடுப்பார்கள்?

ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் "இலவசம், விற்பனைக்கல்ல" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடியுங்கள். பழைய புத்தகச் சந்தைக்கு மொத்தமாக அள்ளிப்போவதை அது முழுக்கத் தடுக்காது, ஓரளவு குறைக்கும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மாதமும் ஆண்டும் குறித்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதவில் ஒட்டும் அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும். நான் பயன்படுத்துவது:

"எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, பதிவு இல்லை. திருப்பித் தருவது உங்கள் விருப்பம். கொடுக்க நல்ல புத்தகம் இருந்தால் வையுங்கள். பெட்டி நிறைந்திருந்தால் தரையில் வைக்காமல் அடுத்த வாரம் வாருங்கள்."

இவ்வளவு எழுதியும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எடுத்துட்டுப் போகலாமாங்க?" என்று கேட்டு நிற்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காசில்லாமல் எதுவும் கிடைக்காது என்று பழகிய மனம் சட்டென்று நம்பாது. சிறுவர்கள் கேட்பதில்லை.

எதைத் திருப்பி எடுக்க வேண்டும்

மூன்றாவது மாதம் பெட்டியைத் திறந்து பாருங்கள். நீங்கள் வைத்தவை போயிருக்கும். அந்த இடத்தில் காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், எட்டு ஆண்டுக்கு முந்தைய கணினிப் பாடநூல், கலைக்களஞ்சியத்தின் நடு ஒரு தொகுதி, பிரசுரத் துண்டுகள், அட்டையில்லாத வார இதழ்கள் உட்கார்ந்திருக்கும். பெட்டி நிறைந்து வழியும், யாரும் வரமாட்டார்கள். பெட்டி சாவது இப்படித்தான். காலியாகக் கிடக்கும் பெட்டிக்குப் புத்தகம் வைக்க யாராவது வருவார்கள். குப்பையால் நிறைந்த பெட்டிக்கு வரமாட்டார்கள்.

எனவே கூச்சமே வேண்டாம், எடுத்துப் போடுங்கள். பழைய வரி, சட்டம், மருத்துவ நூல்கள் பயனற்றவை மட்டுமல்ல, நம்பினால் கெடுதலும் செய்யும். ஒளிநகல் எடுத்துக் கட்டிய திருட்டுப் பதிப்புகள் வேண்டாம். வேறு நூலகத்தின் முத்திரை இருந்தால், அவர்கள் கழித்துவிட்டதா என்று பாருங்கள். கழித்த குறிப்பு இல்லையென்றால் அந்த நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கட்சி, மதப் பிரசுரங்களுக்கு ஒரே விதி வையுங்கள்: முழுப் புத்தகம் என்றால் எந்தத் தரப்பானாலும் இருக்கட்டும், துண்டறிக்கை என்றால் எந்தத் தரப்பானாலும் வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காக ஒரு நூலை எடுத்தால் அன்றே அது உங்கள் வீட்டு அலமாரி ஆகிவிடும். பெரியவர்களுக்கான நூல்கள் மேல்தட்டுக்கு.

இப்போது அந்தப் பென்சில் குறிப்பு. மூன்று மாதம் தாண்டியும் நகராத புத்தகத்தை வெளியே எடுங்கள். நல்ல நூலாகவே இருக்கலாம், இந்தத் தெருவில் அதற்கு ஆளில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பகுதியில் இன்னொரு பெட்டி இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை பத்துக்குப் பத்து மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே மூன்று மாதம் தூங்கியது அங்கே மூன்று நாளில் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் போகாதது பழைய தாளுக்கு. புத்தகத்தை எடைக்குப் போட மனம் வராது, தெரியும். ரங்கநாதனின் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான்.

பூச்சியும் பூஞ்சணமும்

இராமபாணம் போன்ற புத்தகப் பூச்சிகள் நன்கொடைப் புத்தகத்தோடு வந்து சேரும். முதுகுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, ஓரம் செல்லரித்திருந்தாலோ பெட்டிக்குள் விடாதீர்கள். காப்பாற்ற வேண்டிய நூல் என்றால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் ஈரம் படியும். பூஞ்சண வாடை லேசாக இருந்தால் நிழலில், காற்றோட்டத்தில் பக்கம் விரித்து வையுங்கள். பொசுபொசுவென்று படர்ந்திருந்தால் அந்தப் புத்தகம் முடிந்தது, மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அந்துருண்டை போட வேண்டாம். அது நஞ்சு, மிட்டாய் போல இருக்கும், பெட்டியைத் திறப்பவர்களில் பாதிப்பேர் குழந்தைகள்.

வாரத்துக்குப் பத்து நிமிடம்

இதற்கு மேல் நேரம் கேட்காது. கதவைத் துடைப்பது, குப்பையை எடுப்பது, நாலு புத்தகத்தை அட்டை முன்னால் தெரியும்படி திருப்பி வைப்பது, கையிருப்பிலிருந்து ஐந்தாறு புதிதாகச் சேர்ப்பது. வாரத்துக்கு ஐந்தாவது மாறினால்தான் வழக்கமாக வருபவர் மறுபடி எட்டிப் பார்ப்பார். மழைக்காலம் தொடங்கும் முன் மட்டும் மறுபடி அந்தக் குழாய்ச் சோதனை, கீலுக்கு எண்ணெய், தேவைப்பட்டால் சிலிகான்.

ஒரு சின்னக் குறிப்பேடு கட்டித் தொங்கவிட்டால் யாராவது எழுதுவார்கள். பேனா வேண்டாம், பென்சில் கட்டுங்கள்; வெயிலில் பேனா மை காய்ந்துவிடும். இன்ன புத்தகம் கிடைக்குமா என்று எழுதியிருந்தால் தேடிக் கொண்டுவந்து வையுங்கள். பெட்டி அக்கம்பக்கத்தோடு பேச ஆரம்பிப்பது அங்கேதான். எடுத்தவர் பெயரை எழுதச் சொல்லும் பதிவேடாக மட்டும் அதை மாற்றிவிடாதீர்கள்.

என்றாவது ஒரு காலை பெட்டி துடைத்து எடுத்ததுபோல் இருக்கும். கோபமாக அறிவிப்பு எழுதி ஒட்டாதீர்கள். அள்ளியவர் அதைப் படிக்க மாட்டார், தினமும் வருபவர்தான் படித்து மனம் நோவார். கொஞ்ச நாளைக்குப் பத்துப் பத்தாக மட்டும் வையுங்கள். பத்துப் புத்தகத்துக்காக மூட்டையோடு யாரும் திரும்பி வருவதில்லை.

பெயரும் பதிவும்

'லிட்டில் ஃப்ரீ லைப்ரரி' என்பது பதிவுசெய்த வணிகப் பெயர். அந்தப் பெயரைப் பெட்டியில் எழுத வேண்டுமானால் அவர்களிடம் கட்டணம் கட்டிப் பதிவுசெய்து, எண் பொறித்த பலகையைப் பெற வேண்டும். அவர்களுடைய உலக வரைபடத்திலும் உங்கள் பெட்டி இடம்பெறும். வெளியூரிலிருந்து வருபவர்கள் தேடிவர அது உதவும். வேண்டாம் என்றால் நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயரோடு "புத்தகப் பெட்டி" என்று சேர்த்தாலே போதும், வாய்க்கு வந்துவிடும்.

ஆரம்பத்திலேயே இன்னொருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியோ, ஓய்வுபெற்றவர் ஒருவரோ. நீங்கள் ஊரில் இல்லாத வாரம் அவர் பார்த்துக்கொள்வார். வீடு மாறிப் போகிறீர்கள் என்றால் கையிருப்பையும் ஸ்டாம்ப்பையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஏற்க யாருமில்லை என்றால் புத்தகங்களை வேறொரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, கம்பத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். புதுத் தெருவில் கூடைச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.